பெரியப்பா வாங்கிய திமிங்கிலப் பல்

மார்ச் 4, திங்கள், தலைநகர் சுவா

காலையில் பிரதமர் கூப்பிட்டார். அடுத்த செவ்வாய் அமைச்சரவையில் எங்கள் ஊர் வளைகுடாவில் வரப்போகும் துறைமுகம் பற்றி, அவருடைய அறிவியல் ஆலோசகரான நானே நேரில் பேச வேண்டுமாம். "விஞ்ஞானம் மட்டும் போதாது, இது நியாயமாங்கறதையும் சொல்லும்மா" என்றார். சொல்ல என்ன இருக்கிறது? அலையாத்திக் காட்டை வெட்டிக் கடலடியைத் தோண்டினால் சேறெல்லாம் எதிர்க்கரைப் பவளப்பாறையில் போய்ப் படியும். வேலை எங்கள் ஊருக்கு. மீனும் நண்டும் போவது எதிர்க்கரைக்காரர்களுக்கு. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல நியாயம்!

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் துறைமுக அமைச்சர் அபெனிசா. எனக்கு அத்தை மகன், கேலி பேசும் முறை.

"என்ன டாக்டரம்மா, நண்டுக்கெல்லாம் வக்காலத்தா? அதுங்களுக்கு ஓட்டே கிடையாதே!"

"இருந்தாலும் உங்களுக்குப் போடாதுங்க, அத்தான்."

மேசையே சிரித்தது. அவர் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றுவிட்டது.

மார்ச் 6, புதன்

அறிக்கை முடிந்தது. தலைவலி.

மார்ச் 8, வெள்ளி

ஊரிலிருந்து தங்கை கெலேரா பேசினாள். நேற்று அபெனிசாவின் ஆட்கள் பெரியப்பா வீட்டுக்குத் திமிங்கிலப் பல் கொண்டுவந்தார்களாம். "உங்க மக செவ்வாய்க்கிழமை எங்களுக்கு எதிரா வாய் திறக்கக் கூடாது" – அதுதான் வேண்டுதல். பெரியப்பா இரண்டு கையாலும் வாங்கிவிட்டார்.

பல்லை வாங்கியாகிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். குலத்து மூத்தவர் வாங்கினால் குலமே வாங்கியதுதான். டாக்டர் பட்டத்துக்கெல்லாம் விலக்கு இல்லை. அடப்பாவி! என்னிடம் வந்திருந்தால் மூஞ்சிக்கு நேரே முடியாது என்றிருப்பேன். தெரிந்துதானே அங்கே போயிருக்கிறான்.

மார்ச் 10, ஞாயிறு

ஊருக்குப் போனேன். பெரியப்பா மரவள்ளிக்கிழங்கையும் மீனையும் முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் வாங்கினீங்க?" கத்திவிட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை.

"வீட்டுக்குள்ள வந்து மண்டி போட்டு நீட்டறாங்க. எப்படிம்மா தட்டறது? நம்ம பசங்களுக்கு வேலை வரும்னும் நெனச்சேன்."

"எதிர்க்கரைப் பசங்களுக்கு?"

கிழங்குத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"திருப்பிக் குடுத்துடுங்க."

"தின்ன சோத்தத் திருப்பிக் குடுங்கற மாதிரி பேசற." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ பொய் சொல்ல வேணாம், மேரே. சும்மா இருந்துடு. அவ்வளவுதான்."

சும்மா இருப்பது. அதுவும் பொய்தானே?

மார்ச் 11, திங்கள்

வாக்கு மாறாத மனுஷன் – ஊரில் அவருக்கு இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். நான் வாயைத் திறந்தால் அது போச்சு. திறக்காவிட்டால் அந்தக் கரை போச்சு. நியாயம் சொல்லத்தான் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். யார் வீட்டு நியாயத்தை?

மார்ச் 12, செவ்வாய்

பேசிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

எதிர்க்கரை மக்களின் சம்மதம் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று முடிவு. பிரதமர் கை கொடுத்தார்.

வெளியே அபெனிசா நின்றிருந்தான். கேலி இல்லை. "பெரியவர இப்படிப் பண்ணிட்டியே."

"பண்ணது நீங்க" என்றேன். அதில் பாதிதான் உண்மை.

மார்ச் 16, சனி

ஊர் மண்டபத்தில் யங்கோனா வேர்ப்பானம் கலக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் இடம் எப்போதும் மேல்பக்கம், ஊர்த்தலைவருக்கு அடுத்தது. இன்று அவர் கீழே, கதவோரம், இளவட்டங்களுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தார். யாரும் அனுப்பவில்லையாம், அவராகவே போய் உட்கார்ந்தாராம். மேலே வாங்க என்று கூப்பிடவும் ஒருவரும் இல்லை. கிண்ணம் எல்லோரையும் சுற்றிவிட்டுக் கடைசியில் அவரிடம் வந்தது. வழக்கம்போல் கை தட்டி வாங்கிக் குடித்தார்.

"மேல போங்க, பெரியப்பா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரேடியோ நியூஸ்ல கேட்டேன். நீ சொன்னது சரிதான்" என்றார். "எனக்கு இங்கதான் காத்து வருது. உக்காரு."

உட்கார்ந்தேன். காற்றே இல்லை.