ராஜபாண்டி அண்ணனிடம் கொடுத்துவிட்ட மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு, தாராவியிலிருந்து செல்வி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டி வீக்கம் எப்படி இருக்கிறது? போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நேற்று லேபில் ஒரு சின்ன விஷயம். உங்களைப் போலவே செயற்கை மூட்டு வைத்த மாட்டுங்கா பெரியவர் ஒருவருக்கு முட்டி வீங்கியிருந்தது. ஊசியில் முட்டி நீரெடுத்து, என்ன கிருமி என்று அறிய லேபில் வளர்த்துப் பார்த்ததில் எதுவும் வளரவில்லை. எங்கள் லேப் டாக்டர் ஸ்ரீலேகா பெரியவரின் மகனிடம், "முன்னாடியே ஆன்டிபயாடிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"வலி தாங்கலைன்னார், நானேதான் வாங்கிக் கொடுத்தேன் மேடம்."

"அதான் கிருமி பதுங்கிடுத்து. எதுன்னு தெரியாம என்ன மருந்து கொடுக்கறது?"

மகன் தலைகுனிந்தார். நானும் குனிந்துகொண்டேன். ஊருக்கு வந்த ராஜபாண்டி அண்ணனிடம் உங்களுக்கு நான் கொடுத்துவிட்டதும் அதே மாத்திரைதான் அப்பா.

நாளைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். நீரெடுக்கும் முன்பே மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். லேபில் ஏசி குளிர்கிறது, அண்ணன் திரும்பி வரும்போது உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டால், மருந்துக்கடையில் வாங்கினேன் என்று சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டாம். "என் மக பம்பாயில லேப்ல இருக்கா" என்று எல்லோரிடமும் சொல்வீர்களே, அதை அவரிடமும் சொல்லுங்கள்.

செல்வி