நான் வெட்டிய வரி

நவம்பர் 12, செவ்வாய்

வெம்பிளிக்குப் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன், அடிமைமுறையை எதிர்த்த கட்சிகூட அது புதிய நிலங்களுக்குப் பரவக்கூடாது என்றுதான் கொள்கை அறிக்கையில் எழுதியதாம்.

"அப்ப ஏற்கெனவே அடிமையா இருந்த ஆக்கள், அம்மப்பா?"

"பிறகு பாப்பம் எண்டு விட்டிருப்பினம்," என்றேன். சொன்னதும் பழைய கட்சித் தோழன் செல்வத்தின் நினைவு வந்தது.

எங்கள் போருக்கு முன், யாழ்ப்பாணத்தில் எங்கள் கட்சி அறிக்கையில் சாதி ஒழிய வேண்டும் என்று செல்வம் ஒரு வரி எழுதினான். ஒற்றுமை குலையும், பிறகு பார்ப்போம் என்று நான்தான் அதை வெட்டினேன். "ஓம், விளங்குது," என்றான். போரில் செத்தும் போனான்.

வரியை வெட்டிய அன்று கூட்டம் எங்கள் வீட்டில். எல்லோருக்கும் கோப்பையில் தேநீர், அவனுக்கு மட்டும் தகரப் பேணியில். குடித்ததும் பேணியைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்த அறிக்கையைச் சுவர்களில் ஒட்டப் போனான்.