ஆலத்தில் வைத்த ரேகை

செஞ்சி
சர்வதாரி வருடம் ஐப்பசி மாதம்

சிரஞ்சீவி தனகோட்டிக்கு உன் நைனா பாவாடை ஆசீர்வாதம் செய்து, தையற்கடை காஸ்பரை விட்டு எழுதச் சொல்வது. நானும் உன் அம்மாவும் உன் பெண்சாதி ரஞ்சிதமும் அம்மன் புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம். காஷ்மீரத்துப் பனியில் உன் கை கால் விறைக்காமல் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். மழை இந்த வருஷம் மோசம் செய்யவில்லை, மல்லாட்டைக் கடலை பிடுங்கிக் களத்தில் காய்கிறது. கறுப்புப் பசு கிடேரிக் கன்று போட்டது. உன் அம்மா சீம்பால் காய்ச்சி முதல் கிண்ணத்தை உன் பேர் சொல்லி எடுத்து வைத்தாள், சாயந்திரம் அவளே அழுதுகொண்டு குடித்தாள். காலுறையை ஈரத்தோடு போட்டுக்கொண்டு தூங்காதே.

இனி உன் கடுதாசிக்கு வருகிறேன். நைனா, நீ ரேகை வெச்ச மனுவப் பத்தி போலீசு இங்க எழுதிட்டாங்க, சுபேதாரு கூப்ட்டுக் கேட்டாரு, பயந்தாங்கொள்ளி பெத்த புள்ளன்னு கூடாரத்துல சிரிக்கிறானுங்க, ஒன் ரேகைய எடுத்துடு என்று எழுதியிருக்கிறாய். எடுக்க மாட்டேன். ஏன் என்று கேட்டுக்கொள். இதைப் பிரித்துப் படிக்கிற ஆபீசர் ஐயாவும் கேட்டுக்கொள்ளட்டும். இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று காஸ்பர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், எழுதுடா, மாட்டினால் நான் மாட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மனுவை ஆரம்பித்தவள் மாதா கோயில் தெரு ஆரோக்கியம். போன சண்டையில் பர்மாவில் மகனைப் பறிகொடுத்தவள், உனக்குத் தெரியும். சமாதானம் பேச வந்த வெளிநாட்டுக்காரர்கள் சுடுவதை நிறுத்தச் சொல்லியும் இரண்டு பக்கமும் நிறுத்தவில்லை என்று காஸ்பர் கடையில் பேப்பர் படிக்கக் கேட்டோம். காஷ்மீரத்தில் பற்றியது பஞ்சாப், வங்காளம் என்று பரவினால் மிச்சம் இருக்கிற பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போகும். கேக்கறதுக்கு நம்மள வுட்டா யாரு இருக்கா, வாயத் தொறங்க என்றாள் ஆரோக்கியம். முதலில் சுடுவதை நிறுத்துங்கள், பிறகு உட்கார்ந்து பேசுங்கள், எத்தனை மாதம் ஆனாலும் பேசுங்கள், டெல்லி சர்க்காருக்கு அவ்வளவுதான் மனு. ரேகை வைக்க முன்சீப்பிடம் மை டப்பா கேட்டோம். சர்க்கார் மை சர்க்கார் வேலைக்குத்தான் என்று பூட்டி வைத்துக்கொண்டார். உன் அம்மா உள்ளே போய் மஞ்சளையும் சுண்ணாம்பையும் சிவக்கக் குழைத்து ஆலத் தட்டோடு வந்தாள். ஊருக்குத் திரும்பி வர்ற புள்ளைங்களுக்கு சுத்தறதுதானே இது, அவங்க வரணும்னு வெக்கிற ரேகைக்கு ஆவாதா என்றாள். நம் தெரு, மாதா கோயில் தெரு இரண்டும் அந்தத் தட்டில்தான் விரல் தோய்த்தது.

அதுதான் வினையாகப் போயிற்று. தாலுகா ஆபீசில் மனுவைப் பார்த்த குமாஸ்தா ஒருவர், ரத்தத்தில் சத்தியம் செய்திருக்கிறார்கள் என்று ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார். பட்டாளத்தான் அப்பன் என்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இன்னாய்யா பெருசு, ரத்தத்துல ரேகையா, எந்தக் கட்சி நீ என்று சப்-இன்ஸ்பெக்டர் அதட்டினார். அம்மாக்கண்ணு கட்சிங்க, என் பொஞ்சாதி என்றேன். கான்ஸ்டேபிள் கோதண்டராமன் காகிதத்தை முகர்ந்து பார்த்து, ஐயா இது ஆலமுங்க, மஞ்ச வாசன அடிக்குது என்றான். சப்-இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்தது, மீசைக்குள் வைத்துக்கொண்டார். ரத்தமோ மஞ்சளோ, புள்ள வேலைக்கு நீயே உல வெக்காத என்று வேறொரு காகிதத்தை நீட்டினார். தெரியாமல் வைத்த ரேகை, திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று அதில் எழுதியிருக்கிறதாம். ஸ்டேஷன் மை டப்பாவையும் என் பக்கம் தள்ளினார்.

எனக்கு என் தம்பி பொன்னுசாமி நினைப்பு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னே பஸரா சண்டைக்கு ஆள் பிடிக்க சந்தையில் தமுக்கு அடித்த ஜமேதார், மாங்காய் காய்க்கிறதுக்குள்ளே திரும்பிவிடலாம் என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பட்டாளத்திலிருந்து சேதி என்றதும் தம்பிதான் வருகிறான் என்று எங்கள் ஆத்தா ஆலம் கரைத்துக்கொண்டு ஓடினாள். வந்தது ஒரு பித்தளைப் பதக்கம். தட்டை எங்கே இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். அந்தச் சண்டையை நிறுத்துங்கள் என்று இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.

வலது கட்டை விரலை அந்த மையில் நன்றாக அழுத்தினேன். அவர் நீட்டிய காகிதத்தில் வைக்கவில்லை. மனுவில் என் சிவப்பு ரேகைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அது தெரியாம வெச்சதுன்னா, இது தெரிஞ்சே வெச்சதுங்க என்றேன். கோதண்டராமன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பொழுது சாயும் வரை உட்காரவைத்து, திட்டி அனுப்பினார்கள். மனு அங்கேயே தங்கிவிட்டது, தங்கட்டும். ஆரோக்கியம் புது மனுவோடு பக்கத்து ஊர் சிங்கவரம் போயிருக்கிறாள், உன் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போயிருக்கிறாள். முன்பு கதவைச் சாத்திக்கொண்டவர்களெல்லாம் ஸ்டேஷன் கதையைக் கேட்டு இப்போது விரலை நீட்டுகிறார்களாம்.

அப்பா தனகோட்டி, ஓடி வா என்று நான் சொல்லவில்லை. உன்னை நிறுத்திய இடத்தில் நில், அது உன் வேலை. நிறுத்து என்று கேட்பது என் வேலை. எதிர்ப்பக்கம் துப்பாக்கியோடு நிற்கிறவனுக்கும் ஒரு நைனா இருப்பான், அவன் கேட்கிறானோ இல்லையோ, நான் கேட்பேன். சிரிக்கிறவர்களிடம் என் நைனா இப்படித்தான் என்று சொல். உன் வேலைக்குக் கெடுதல் வந்தால் மறைக்காமல் எழுது, இருக்கிற நிலத்தில் கஞ்சி குடிப்போம். ரேகையை எடு என்று மட்டும் இன்னொரு தரம் எழுதாதே.

அம்மன் உன் தலைக்கு மேலே நிற்பாள், நீ நூறு வயது இருப்பாய். ரஞ்சிதத்துக்குத் தனியாக நாலு வரி போடு, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு காஸ்பர் கடைப் பக்கமே சுற்றுகிறாள். வீட்டு மஞ்சளெல்லாம் மனுவுக்கே போகிறது. ஒரு பிடியை மட்டும் உன் அம்மா துணியில் முடிந்து வைத்திருக்கிறாள், யாரையும் தொட விடுவதில்லை. அது உனக்குச் சுற்ற.

இப்படிக்கு,
உன் நைனா பாவாடை
இடது கட்டை விரல் ஆலத்தில், வலது கட்டை விரல் மையில்