ஜீப்பை விழுங்கிய யானை

அன்பு மருமகள் சிஞ்சுவுக்கு,

உலகத்தில் ஒருத்தரும் நம்பாத கதை ஒன்றை, மாதாமேல் ஆணையாக, இத்துடன் உள்ள தபால் அட்டையில் வெட்டி ஒட்டி அனுப்புகிறேன். அத்தை என்ன சொன்னாலும் நம்பாமல், "மாமா வாயால சொல்லட்டும்" என்று நீ போனில் அழுகிறாயாம். தொண்டைக் கட்டியை எடுத்த டாக்டர் என்னை ஞாயிறுவரை பேசக் கூடாது என்றுவிட்டார். நான் பேசாததால் தேவிகுளத்தில் குருவிகூடத் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது.

படத்தைப் பார். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் நிற்கும் யானை, தேயிலைப் பாக்கெட்டில் வெட்டியது. ஏலக்காய் எடுக்கப் போன பெண்களோடு ஒரு ஜீப்பையே அது விழுங்கிவிட்டது. கழுத்தில் புடைத்திருப்பது அந்த ஜீப்தான். தேனி டாக்டர் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தாராம். உள்ளேயிருந்து ஒரு அக்கா, "லைட்டை அணைய்யா, கண்ணு கூசுது!" என்று கத்தினாளாம். ஜீப் வெளியே வந்ததும் யானை சிறகு முளைத்துப் பறந்துவிட்டது.

அந்தச் சிறகால்தான் வீட்டில் வம்பு. மாதா கோயில் காலண்டரைப் புரட்டிய உன் அத்தை, "ஏங்க, டிசம்பர் மாசத்துச் சம்மனசு ரெக்கை இல்லாம நிக்குது! வாயைக் கட்டுனதும் கைக்குச் சேட்டை வந்திருச்சா?" என்றாள். திட்டும்போதே சிரித்துவிட்டாள். அவள் சிரித்து ரொம்ப நாளாச்சு.

யானை பொய். ஜீப் பொய். கண் கூசிய அக்காவும் பொய். அது கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னது மட்டும் நிஜம், தாயீ.

இப்படிக்கு,
ஞாயிறுவரை ஊமையான உன் தாய்மாமன்