அயினி மரக்கட்டையை ஆயுதம் என்று பிடித்து வைத்திருப்பது குறித்து

அனுப்புநர்
செ. நேசபாய்,
அறிவியல் ஆசிரியை (பணி நிறைவு),
அயினிக்கோட்டுவிளை,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: நான் கையால் செய்த துப்பாக்கி மரக்கட்டையை எங்கள் ஊர்க் காவல் நிலையம் எடுத்துச் சென்று திருப்பித் தராதது – மீட்டுத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "டீச்சர், நீங்க சுடுததுக்கு நிக்குதியளா, கதவிடுக்குல எட்டிப் பாக்குதியளா?" என்று நான் பழகப் போகும் துப்பாக்கி சுடும் மையத்தின் பயிற்சியாளர் ஜெமி சென்ற ஆண்டு என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். என் ஏர் ரைபிளைத் தோளில் ஊன்றிப் பிடிக்கும் மரக்கட்டையோ வலக்கைக்காரர்களுக்காகச் செதுக்கப்பட்டது. ஓர் உதாரணம் சொல்கிறேன். வலப்பக்கம் எழுதுபலகை வைத்த நாற்காலியில் இடக்கைப் பிள்ளையை உட்கார வைத்தால், அது உடம்பை முறுக்கிக்கொண்டுதான் எழுதும். நாம் கையெழுத்தைக் குறை சொல்வோம்; நாற்காலியைச் சொல்ல மாட்டோம்.

2. இடக்கைக் கட்டை கடையில் கிடைக்கவில்லை. தச்சர்களைக் கேட்டேன். "துப்பாக்கி சோலியா? நம்மளுக்கு வேண்டாம் டீச்சரே" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆகவே நானே செய்வதென்று முடிவெடுத்தேன். உளி பிடித்த பழக்கம் எனக்கு இல்லை. புயலில் சாய்ந்த எங்கள் அயினி மரத்தின் பலகை காய்ந்து கிடந்தது. முதல் பலகையில் வெளிவடிவத்தை அழகாகச் செதுக்கிவிட்டு, இரும்புப் பகுதி உட்காரும் பள்ளத்தைத் தோண்ட முனைந்தேன். வளைந்த கட்டை இறுக்குப் பிடிக்குள் நிற்காமல் உருண்டு, உளி பாய்ந்து பலகை பிளந்தது. பலகை சதுரமாக இருக்கும்போதே பள்ளத்தை முதலில் தோண்ட வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. பள்ளத்தின் அமைப்பைப் பார்க்க, பழைய கட்டையையும் நெடுக அறுத்து வெட்டுத்தோற்றம் பார்த்துவிட்டேன். அறிவியல் ஆசிரியையின் புத்தி அப்படி. ஆகவே இன்று என்னிடம் மாற்றுக் கட்டை கிடையாது.

3. இரண்டாவது கட்டை நன்றாக வந்தது. வீட்டு முன்னால் அதை அரம் போட்டுக்கொண்டிருந்ததை அடுத்த வீட்டு செல்வதாஸ் படமெடுத்து, தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "டீச்சர் துப்பாக்கி செய்யுதாவ. வீட்டுப்பாடம் எழுதாதவனெல்லாம் ஓடிக்கிடுங்க மக்கா" என்று அதன் கீழே எழுதினார். எல்லாரும் சிரித்தோம். படம் எங்கெங்கோ போய், அடுத்த வாரம் காவல் நிலையத்திலிருந்து ஜீப் வந்தது.

4. உதவி ஆய்வாளர் மரியாதையாகவே பேசினார். ஏர் ரைபிளின் இரும்புப் பகுதிகளை எடுத்துக் காட்டினேன். உரிமம் தேவையில்லாத வகை என்று எழுதிய கடை ரசீதையும் காட்டினேன். "இது சரியா இருக்கு" என்று குழலையும் விசைப்பகுதியையும் என் கையிலேயே தந்தார். பிறகு கட்டையைத் தூக்கி, "இதுக்கு ரசீது எங்க?" என்றார். என் மரம், என் கை, ரசீது யார் தருவார் என்றேன். "அப்ப இது சொந்தத் தயாரிப்பு. ஆயுதத் தயாரிப்புல வரும்" என்று சொல்லிக் கட்டையை மட்டும் எடுத்துச் சென்றார். குண்டு போகும் இரும்பு என் அலமாரியில் இருக்கிறது. மரம் காவலில் இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதியிருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்து மறுபடி சொல்லிக் கொடுத்திருப்பேன்.

5. கட்டையை எடுத்துச் சென்றதற்கு ஒப்புகைச் சீட்டு தரப்படவில்லை. கேட்டால், வழக்கே இல்லாதபோது சீட்டு எதற்கு என்கிறார்கள். வழக்கு இல்லையென்றால் கட்டையைத் தாருங்கள் என்றால், உரிமம் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தின் துப்பாக்கி உரிமப் பிரிவில் போய்க் கேட்டேன். "துப்பாக்கிக்குத்தான் உரிமம், வெறும் மரத்துக்கு இல்லம்மா" என்றார்கள்; சரியாகத்தான் சொன்னார்கள். அதை எழுதித் தரக் கேட்டதற்கு, காவல் நிலையம் கடிதம் அனுப்பினால் பதில் எழுதுவதாகச் சொன்னார்கள். நிலையத்தில் அப்படிக் கடிதம் எழுதும் வழக்கம் இல்லையாம். தான் விளையாட்டுக்குப் போட்டதென்று எழுதிக் கொடுக்க செல்வதாஸ் என்னுடன் வந்தார். "நீ இனியும் எழுதாத" என்று அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

6. இதைவிட அவசரமான ஒன்று உண்டு. கட்டை ஈரத்தில் வீங்காதிருக்க எண்ணெய் பூச வேண்டும் என்று படித்திருந்தேன். எண்ணெய் என்றால் எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்தான். அதைத் தாராளமாகத் தேய்த்துவிட்டேன். காய்ந்து இறுகும் எண்ணெய் அல்லவா வேண்டும், இது காயவே காயாது என்று பிறகு ஜெமி சொன்னார். இப்போது அந்த மணத்துக்கு நிலையத்து எலிகள் வருகின்றன. சென்ற வாரம் போனபோது கட்டை கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டு, அதன்மேல் யாருடைய மழைக்கோட்டோ தொங்கியது. தோளில் படும் முனையில் பல் தடம். "நாங்க விரட்டத்தான் செய்யுதோம் டீச்சர்" என்றார் காவலர் அபிலாஷ். அவர் பொய் சொல்பவராகத் தெரியவில்லை. எலிகள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் அந்தக் கட்டை விறகுக்குத்தான் உதவும்.

7. இம்மாத இறுதியில் மூத்தோர் பிரிவுப் போட்டி நடக்கிறது. பெயர் கொடுத்திருக்கிறேன். இந்தக் கட்டையைப் பொருத்தி ஒரே ஒரு நாள் பயிற்சி செய்தேன். கழுத்து வலிக்காமல், இலக்கின் நடுப்புள்ளி அசையாமல் நின்றதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அறுபத்து மூன்று வயதில் அதை இன்னொரு முறை பார்க்க விரும்புவது குற்றமாகாது என்று நம்புகிறேன்.

ஆகவே கட்டையைப் போட்டிக்கு முன் திருப்பித் தர உத்தரவிட வேண்டுகிறேன். சட்டப்படி அது ஆயுதமே என்று தாங்கள் கருதினால், எந்தப் பிரிவின்படி என்பதை எழுத்தில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டும் வழங்கி, அதுவரை கட்டையை எலி எட்டாத அலமாரியில் படுக்கை வசமாக வைக்கச் சொல்ல வேண்டுகிறேன்.

முடிவெடுக்கும் முன் தாங்கள் ஒன்று மட்டும் செய்ய வேண்டும். அந்தக் கட்டையை வரவழைத்துக் கையில் எடுத்து, ஒரே ஒரு முறை சுட்டுப் பாருங்கள்.

இடம்: அயினிக்கோட்டுவிளை
நாள்: 06.08.2025

இப்படிக்கு,
செ. நேசபாய்

இணைப்பு: ஏர் ரைபிள் ரசீது நகல், போட்டிப் பதிவு நகல், செல்வதாஸ் எடுத்த படம்.