குகதாசன் சொன்ன ஓம்

வெள்ளவத்தை,
கொழும்பு - 06.
15.11.1998

அன்பு மகள் நேசமலருக்கு,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் நீ பயந்திருப்பாய். பயப்படாதே. அம்மா சுகம். கோயிலுக்குப் போய் வந்து, இப்போது கீழ் வீட்டுக்காரியோடு தண்ணீர் வராததைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் சீனி வருத்தம் ஓரளவு அடங்கியிருக்கிறது. பதினொரு மாதமாக நீ அம்மாவுக்கு எழுதுகிறாய், அம்மா உனக்கு எழுதுகிறார், நான் முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன். இந்தச் செய்தியை மட்டும் நானே எழுதவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

குகதாசன் வெளியே வந்துவிட்டான். போன வியாழக்கிழமை. இதை எழுதும்போது நம் முன் அறையில், உன் கட்டிலில், நித்திரையாக இருக்கிறான்.

அவனை நீ பார்த்ததில்லை. அம்மாவோடு சாவகச்சேரியில் படித்த பாலேஸ்வரியின் ஒரே மகன். கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்துகொண்டு லொட்ஜில் தங்கியிருந்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு சித்திரையில் பொலிசார் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். மற்றவர்களை இரண்டு நாளில் விட்டார்கள், இவனை விடவில்லை. யாரோ தெரியாத ஒருவருக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தான் என்பது வழக்கு. பார்சலும் இல்லை, வாங்கியவரும் இல்லை. இருந்தது எட்டுப் பக்க வாக்குமூலம் ஒன்றுதான். சிங்களத்தில் தட்டச்சு செய்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவன் தமிழில் கையெழுத்து வைத்திருந்தான்.

உனக்கு நான் சட்டம் சொல்லத் தேவையில்லை. சாதாரண வழக்கில் பொலிசுக்குச் சொன்ன ஒப்புதல் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் உதவி அத்தியட்சகர் தரத்தில் ஒருவர் எழுதியெடுத்தால் செல்லும். பயத்தில் சொன்னேன் என்றால் அதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். இரண்டரை வருடம் விளக்கமறியல் சிறையில் கிடந்தவன் உடம்பில் எதைக் காட்டி நிரூபிப்பான்? முதலில் வந்த சட்டத்தரணி, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்கலாம் என்று பாலேஸ்வரியிடம் சொன்னாராம். பாலேஸ்வரி இங்கே வந்து சாப்பிடாமல் அழுதார். அம்மாதான் லுத்பியாவைக் கூப்பிடுவோம் என்றார்.

உன் சட்டக்கல்லூரித் தோழி இப்போது புதுக்கடை நீதிமன்றங்களில் பெரிய ஆள். ஆனாலும் தெமட்டகொடையிலிருந்து இன்னும் பஸ்ஸில்தான் வருகிறாள். ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து, பைக்குள்ளிருந்து ஒரு போட்டோக்கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாள். உன் கட்டுரை. நீ அவளுக்கு அனுப்பியிருக்கிறாய், எனக்கு அனுப்பவில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. நான்தானே அதற்கு வழிவைத்தேன்.

வெளிநாட்டில் நீ செய்யும் சட்ட ஆராய்ச்சிக்காக என் வேலையைப் பற்றிக் கேள்விகள் எழுதிக்கொண்டு நீ போன மார்கழியில் வந்தாய். முப்பத்தொரு வருடம் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்தவனிடம், வாசித்துக் காட்டிய வாக்குமூலம் அந்த மனிதனுக்கு விளங்கியதா என்று எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டாய். என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாய் என்று நினைத்தேன். சோற்றுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு ரயில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போய்விட்டேன். நீ திரும்பிப் போகும்வரை உன்னோடு சரியாகக் கதைக்கவும் இல்லை. அந்தக் கேள்வியைப் பிறகு நான் தனியே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

எனவே அந்தக் கட்டுரையை அகராதியோடு, கொஞ்சம் பயத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். நான்கு நாள் எடுத்தது. ஆஸ்திரேலியாவில் ஆதிக்குடி மக்கள் பொலிஸ் கேட்கும் எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லிவிடுகிறார்கள் என்பதை நீதிபதிகள் கண்டுபிடித்ததையும், ஆம் என்பதை மட்டும் ஏற்காமல் அவர்களுடைய வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லவேண்டும் என்று விதி வகுத்ததையும் எழுதியிருந்தாய். விளங்கும் மொழியில் விசாரிக்கப்படும் உரிமை பற்றி இலங்கை எண்பதாம் ஆண்டு ஒப்புக்கொண்ட சர்வதேச உடன்படிக்கையையும், நம் நாட்டுத் தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாய். உரைபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு பந்தி வருகிறது என்று தெரிந்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்தேன். பிறகுதான் படித்தேன். அவர்களுக்கு நேரமும் கொடுக்கப்படவில்லை, பாதுகாப்பும் கொடுக்கப்படவில்லை என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான். ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அந்த இடத்தை அம்மாவுக்குத் தமிழில் இரண்டுமுறை சொல்லிக் காட்டினேன்.

அடுத்த வாரம் லுத்பியாவோடு சிறைச்சாலைக்குப் போனேன். குகதாசன் மெலிந்து, வயதுக்கு மீறி நரைத்திருந்தான். வாக்குமூலத்தை எடுத்து, ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டி “ஓம்” என்றான். மூன்றாம் பக்கத்தில் தாளில் இல்லாத ஒரு வசனத்தை நானே இடையில் போட்டேன். நான் தெற்கே காலியில் பிறந்தேன், என் தகப்பன் மீன் வியாபாரி என்று. அதற்கும் ஓம் என்றான். நிறுத்தினேன்.

“தம்பி, நீ காலியிலயே பிறந்தனி?”

“இல்லை அங்கிள், சாவகச்சேரியில.”

“அப்பா மீன் வியாபாரியோ?”

“இல்லை. தபால் கந்தோரில இருந்தவர்.”

“பிறகேன் ஓம் எண்டனி?”

அவன் பயந்துபோனான். “நீங்கள் பெரியாள், வாசிக்கிறியள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு சொன்னனான்.”

லுத்பியா பேனையைக் கீழே வைத்துவிட்டாள். “அங்கிள், இத நீங்கதான் கோர்ட்டுல சொல்லணும்” என்றாள். எனக்கு அவள் சொன்னது காதில் விழுந்தாலும் வேறெங்கோ இருந்தேன். நம் ஊரில் யார் கதைத்தாலும் இடையிடையே ஓம், ஓம் என்று சொல்லாமல் யார் கேட்கிறார்கள்? அம்மா ரெலிபோனில் பாதி நேரம் சொல்வது அதுதான். கூண்டில் நின்று அந்தச் சொல்லைச் சொன்ன எத்தனை பேருடைய ஓமை நான் “ஒவ்” என்று சிங்களத்திலும் “யெஸ்” என்று ஆங்கிலத்திலும் சொல்லியிருப்பேன்!

சாட்சி சொல்வதா என்று பத்து நாள் யோசித்தேன். இந்தக் காலத்தில் இப்படியான வழக்கில் ஒரு தமிழன் கூண்டில் ஏறினால் மறுநாள் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள் என்று தெரியாது. அதைவிட, நான் வேலை செய்த அதே மண்டபம். அம்மா என் வெள்ளைச் சேட்டைத் தோய்த்துப் போட்டிருந்தார்.

நீதிமன்றத்தில் முதலில், அந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியதாகச் சான்று எழுதிய பொலிஸ் கொன்ஸ்தாபிளை லுத்பியா விசாரித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வசனத்தைக் காட்டி, இதை அன்று தமிழில் எப்படிச் சொன்னீர்கள், இப்போது சொல்லுங்கள் என்றாள். அந்த மனிதர் வசனத்தின் பாதிவரை வந்தார். அவருடையது சந்தைத் தமிழ். விலை கேட்கலாம், வழி சொல்லலாம். பிறகு வேர்த்துப்போய் நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்றால் நீ நம்புவாயோ தெரியாது. அவரையும் யாரோ எழுது என்று சொல்லியிருப்பார்கள்.

பிறகு நான். ஓய்வுபெற்ற உரைபெயர்ப்பாளர் நிபுணர் ஆகமாட்டார் என்று அரச சட்டத்தரணி எழும்பினார். நீதிபதி, கேட்டுப் பார்ப்போம் என்றார். சிறையில் நடந்ததைச் சொன்னேன். ஓம் என்பதன் இரண்டு பாவனைகளையும் சொன்னேன். உன் கட்டுரையில் ஆதிக்குடிகளைப் பற்றி எழுதியிருந்த இடத்தை லுத்பியா வாசித்தாள். வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது இங்கே சட்டமாகாது என்று அரச சட்டத்தரணி சொன்னார். சட்டமாக அல்ல, விளக்கமாகத் தருகிறேன் என்றாள் அவள். நீதிபதி கையை நீட்டிக் கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டார்.

குறுக்கு விசாரணைக்குத்தான் நான் பயந்திருந்தேன். இந்தப் பையன் உங்கள் மனைவியின் சிநேகிதியின் மகன்தானே என்று அரச சட்டத்தரணி கேட்டார். ஓம் என்றேன். கட்டுரை எழுதியவர் உங்கள் மகள்தானே என்றார். ஓம் என்றேன். பிறகு குரலை உயர்த்தாமல், நல்ல மரியாதையாக, “அப்படியென்றால் இதே நீதிமன்றத்தில் நீங்கள் முப்பத்தொரு வருடம் செய்த மொழிபெயர்ப்பெல்லாம் பிழையா?” என்று கேட்டார்.

மலர், நீ கேட்டதும் அதுதானே. அங்கே எழும்பிப் போக முடியாது. நீதிபதி, விரும்பினால் பதில் சொல்லலாம் என்றார். சொல்லைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன் என்றேன். அந்த மனிதர்கள் எதற்கு ஓம் சொன்னார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்பது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். இதைச் சொல்லி முடித்ததும் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அரச சட்டத்தரணி தன் ஆசனத்தில் அமர்ந்தார்.

தீர்மானத்துக்கு மூன்று வாரம் தவணை. அந்த மூன்று வாரமும் பாலேஸ்வரி நம் வீட்டில்தான். மழை பிடித்துக்கொண்டது. காலி வீதியில் முழங்கால் அளவு வெள்ளம் நின்ற அன்றும் அவர் கோயிலுக்குப் போனார். எனக்கு ஒரு மிரட்டல் கடிதமும் வரவில்லை, கதவையும் யாரும் தட்டவில்லை. ஒருமுறை வீட்டில் இருப்பவர்களின் பொலிஸ் பதிவைப் பார்க்க வந்தார்கள். அது எல்லா வீட்டுக்கும் வருவதுதான்.

வியாழக்கிழமை நீதிபதி தன் தீர்மானத்தை வாசித்தார். எதிரியான குகதாசனுக்கு விளங்கும் மொழியில் அது வாசித்துக் காட்டப்பட்டது என்று தான் திருப்திப்படவில்லை, அவன் அதைத் தன் சொல்லாக ஏற்றான் என்பதும் ஐயத்துக்குரியது, ஆகவே வாக்குமூலத்தை ஏற்கமுடியாது என்றார். நடுவில் உன் கட்டுரையைக் குறிப்பிட்டு, எழுதியவர் பெயரையும் வாசித்தார். நேசமலர் சவுந்தரநாயகம். அந்த மண்டபத்தில் எத்தனையோ பெயர்களை நான் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறேன். என் பெயர் உன் பெயருக்குப் பின்னால் நின்று வாசிக்கப்பட்டதைப் பார்வையாளர் வாங்கில் இருந்து கேட்டேன். வேறு சாட்சியம் இல்லையென்று அரச தரப்பு சொல்ல, அவனை விடுதலை செய்தார்கள்.

குகதாசனுக்கு அது விளங்கவே இல்லை. தீர்மானம் ஆங்கிலத்தில். இப்போதிருக்கும் உரைபெயர்ப்பாளர் இளம் பிள்ளை. தமிழில் சொல்லிவிட்டு, “விளங்கினதா? நான் என்ன சொன்னனான் எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று அவனைக் கேட்டார். அவன், “என்னை வீட்ட போகச் சொல்லுறியள்” என்றான். அதற்குப் பிறகுதான் பாலேஸ்வரி வாய்விட்டு அழுதார். வெளியே மழைக்குள் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் றோல்ஸ் சாப்பிட்டோம். லுத்பியா நான்கு சாப்பிட்டாள். காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை நானே அவனைப் பொலிசுக்குக் கூட்டிப்போய் விருந்தாளியாகப் பதிந்தேன். ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள், பிறகு முத்திரை குத்தித் தந்தார்கள். குளியலறைக் கதவை அவன் பூட்டுவதில்லை, நாங்களும் ஏனென்று கேட்பதில்லை. அம்மா புட்டும் மீன்குழம்பும் கொடுத்தால் மூன்றாம் முறையும் கோப்பையை நீட்டுகிறான். தரைப்பாதை பூட்டிக் கிடப்பதால், திருகோணமலையிலிருந்து கப்பலுக்கு இடம் கிடைத்தால் தாயும் மகனும் ஊருக்குப் போவார்கள். கிடைக்கும் என்றுதான் சொல்கிறார்கள்.

லுத்பியா இன்னும் இரண்டு பேருடைய வாக்குமூலங்களைக் கொண்டுவந்து தந்திருக்கிறாள். சிறைக்குப் போய் அவர்களோடு இருந்து வாசிக்கப்போகிறேன். எனக்குச் சொற்கள் தெரியும், சட்டம் அவ்வளவு தெரியாது. நீ அடுத்து எழுதுவதை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. பிழை பார்க்க அல்ல. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காலுறை இல்லாமல் திரியாதே. இரவிரவாக வாசிக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளை எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் கும்பிடுகிறேன்.

நீ எப்போது வருவாய் என்று அம்மா கேட்கச் சொன்னார் என்று எழுதத் தொடங்கினேன். அம்மா கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா
க. சவுந்தரநாயகம்