மைக் எப்போதும் அவள் கையில்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் அவள்தான் பேசினாள். சிப்பிகாட்டில் பாக்கு விவசாயிகளுக்குப் பயிற்சி வகுப்பு. ஷோபனாவும் நானும் இந்த விவசாய ஆபீஸில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். ஒரே பதவி, ஒரே சம்பளம். மைக் மட்டும் அவளுக்கு. ஹிந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்தத் தீவில் குடியேறிய பெங்காலிக்காரர்களை அவர்கள் பாஷையிலேயே சிரிக்க வைக்கிறாள். நான் கடைசி வரிசையில் வயிறெரிய உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பேசத் தெரியாதா என்ன? நாலு பேர் முன்னால் நின்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். என் முதல் வகுப்பில் அப்படித்தான் மரமாக நின்றேன். ஷோபனா எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை.

ஜூன் 10

ஷோபனாவுக்கு வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிபூருக்கு மாற்றல்! மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 12

போச்சு. எங்கள் ஆபீசர் பாலசுப்பிரமணியம் சார் கூப்பிட்டார். "ருக்கு, ஷோபனா சென்ட்-ஆஃப்ல நீதாம்மா பேசணும். அப்புறம் கிளாஸும் நீயே எடுக்கலாம். முடியலன்னா இப்பவே சொல்லு, வேற ஆளைப் போட்டுடறேன்."

முடியும் என்று சொல்லிவிட்டேன். போயும் போயும் அவளைப் புகழ்ந்தா நான் பேச வேண்டும்?

ஜூன் 20

கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். "ஷோபனா மிகவும் நல்லவர்." அதற்குமேல் வரவில்லை. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "ப்ளேன் இறங்குறப்ப மட்டும்தான் உனக்கு சத்தம் வருது." ஏர்போர்ட்டை ஒட்டி, ப்ளேன் சத்தத்தில் கத்தியே பேச வேண்டிய பத்துபஸ்தியில் வீடு பார்த்ததும் அவர்தான்.

ஜூன் 27, வெள்ளி

சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

மைக் முன்னால் நின்றேன். அதே அடைப்பு. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மாலையோடு உட்கார்ந்திருந்த ஷோபனா மெல்ல எழுந்தாள். மைக்குக்காகக் கையை நீட்டிக்கொண்டே வருகிறாள்!

வந்ததே எனக்கு ஆத்திரம். இவ சென்ட்-ஆஃப்லயும் இவதான் பேசணுமா?

"ஷோபனா, பைட் ஜாவ்!"

மைக்கில் அலறிவிட்டேன். அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். ஹால் முழுக்கச் சிரிப்பு.

அப்புறம் நான் நிறுத்தவில்லை. பேசுமுன் அவள் வளையலை மேலே தள்ளிக்கொள்வது, பெயர் மறந்துபோன விவசாயியைப் பெங்காலியில் அண்ணா என்று, "தாதா" போட்டுக் கூப்பிட்டுச் சமாளிப்பது, கூட்டம் கொட்டாவி விட்டால் மாமியார் கதைக்குத் தாவுவது — ஒன்று விடவில்லை. என் ஹிந்தியில் எத்தனை தப்போ, யாருக்கு வேண்டும்? வயிறெரிந்து பார்த்ததெல்லாம் புகழ்ச்சியாக வெளியே வந்தது. கைதட்டினார்கள். எனக்கு!

இறங்கியதும் ஷோபனா கையைப் பிடித்துக்கொண்டாள். "பின்னாடி நீ முறைச்சுட்டு உட்கார்ந்திருப்பியே, அதப் பாத்தாதான்டி எனக்குப் பேச்சே வரும். திக்லிபூர்ல அப்படி முறைக்க யாரு இருக்கா?"

கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அந்தப் பச்சைப் புடவை அவளுக்கு அத்தனை எடுப்பு, அது வேறு எரிச்சல்.

ஜூன் 30

பக்கத்து நாற்காலி காலி. நல்ல மழை.

ஜூலை 12, சனி

சிப்பிகாட்டில் இன்று என் வகுப்பு. ஒருமுறை தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். கடைசி வரிசைவரை தலையாட்டிக் கேட்டார்கள். என்னைப் பார்த்து வயிறெரிய ஒருத்தர்கூட இல்லை.

சாயங்காலம் ஷோபனாவுக்குப் போன் போட்டேன். "லீவு போட்டுட்டு ஒரு கிளாஸுக்கு வந்து உட்காருடி."

"நல்லா பேசினியா?"

"உன்னை விட."

"அடுத்த மாசம் வர்றேன்," என்றாள். குரலில் என் பழைய வயிற்றெரிச்சல்.

எனக்கு ரொம்பச் சந்தோஷம்.